ஹாரூன் மலைக்கு ஒரு ஆடு: ஜோர்தான், கெய்ரோ பயணக் குறிப்புகள்

முதல் நாள் – அம்மான்

விமான நிலையத்தில் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி "ஹிந்தி?" என்றார். அரபியில் ஹிந்தி என்றால் இந்தியன். தலையாட்டினேன். வெளியே ராத்தாவின், அதாவது அக்காவின், மகன் காத்திருந்தான். மூன்று வருடமாக இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறான், பேச்சு அரபி சரளமாக வருகிறது. எனக்கு ஓதப்பள்ளி அரபி மட்டும்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், தெருவில் பேசினால் பாதிதான் புரியும்.

"பெத்ராவுக்கு ஒரு நாள் போதுமே மாமா, கரக், ஷோபக் எல்லாம் எதுக்கு?" என்று வண்டியில் கேட்டான்.

1812இல் கரக், ஷோபக் வழியாகப் பெத்ராவின் இடிபாடுகளுக்குப் போன ஒரு மனிதரின் வழியில் போக வேண்டும் என்பதுதான் காரணம். யோஹான் லூட்விக் பர்க்ஹார்ட். 1784இல் லோசானில் பிறந்தவர், பாசல் நகரத்துக் குடும்பம். ஆப்பிரிக்காவின் உட்பகுதியை அறிய லண்டனில் ஒரு சங்கம் இருந்தது. நைஜர் ஆற்றையும் திம்புக்துவையும் தேடிப் போக அந்தச் சங்கம் இவரை அமர்த்தியது. பாலைவனத்தைக் கடக்க வணிகக் கூட்டத்தோடு சேர வேண்டும், கூட்டத்தோடு சேர முஸ்லிமாக வாழத் தெரிய வேண்டும். அதற்காக முதலில் சிரியாவுக்கு வந்தார். அலெப்போவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி அரபி படித்தார். ஷைக் இப்ராஹீம் இப்னு அப்துல்லாஹ் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

மருமகனுக்குப் பிடித்தது அடுத்த செய்திதான். 1809இல் அலெப்போவுக்கு வரும் வழியில் அவர் தன்னை இந்திய முஸ்லிம் வியாபாரி என்று சொல்லிக்கொண்டார். இந்தியாவைப் பார்த்தவர் யாரும் கூட வரவில்லை, அந்தத் துணிச்சல்தான். உங்கள் நாட்டு மொழியில் கொஞ்சம் பேசு என்று கேட்டால், ஜெர்மன்காரனுக்கே விளங்காத கொச்சை ஜெர்மனில் பேசுவாராம். கேட்டவர்கள் நம்பினார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் போன கடையில் பரிமாறியவரும் "ஹிந்தி?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பேசிக் காட்டச் சொன்னார். தமிழில் பேசினேன். சாப்பாடு நன்றாக இருந்தது, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் என்றேன். அவருக்குச் சந்தோஷம். இருநூறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு வேறொருவர் வேறு ஏதோ சொல்லி நம்ப வைத்தாரே என்ற நினைப்பில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

காயல்பட்டினத்திலிருந்து கிளம்பும்போது உம்மா ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுத்தாள். "ஹாரூன் நபி அடங்கியிருக்கிற மலைக்குப் போறியாமே. வாப்பா பேரச் சொல்லி யாசீன் ஓது. இதை இல்லாதவங்க கையில கொடு." ஹாரூன் நபி மூஸா நபியின் அண்ணன், பைபிளில் ஆரோன். அந்த உறையும் பையில் இருக்கிறது.

இரண்டாம் நாள் – கரக்

மன்னர் நெடுஞ்சாலை என்று பெயர்தான் பெரிது, சாலை சிறியது. மாதபாவைத் தாண்டி திபான் வந்ததும் தரை திடீரென்று பிளந்து கீழே போகிறது. வாதி முஜிப். யூதர்களின் வேதமான தவ்ராத்தில் அர்னோன் என்று வரும் பள்ளத்தாக்கு இதுதான். காரில் இறங்கி ஏறவே நேரம் பிடிக்கிறது. பர்க்ஹார்ட் 1812 ஜூன் 18ஆம் தேதி திமிஷ்கிலிருந்து (டமாஸ்கஸ்) கிளம்பி, ஜூலை நடு வெயிலில் இதைக் கடந்து கரக் வந்து சேர்ந்தார்.

கரக் கோட்டையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1142இல் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டியது, 1188இல் ஸலாஹுத்தீன் அய்யூபியின் படையிடம் வீழ்ந்தது. நான் வந்தது கோட்டைக்காக இல்லை, கீழே இருக்கும் ஊருக்காக.

பர்க்ஹார்ட் வந்தபோது இங்கே 400 முஸ்லிம் குடும்பங்களும் 150 கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குள் புதியவன் ஒருவன் வந்துவிட்டால் யார் வீட்டு விருந்தாளி என்று ஆளாளுக்குச் சண்டை. குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் இழுப்பார்களாம். வழிப்போக்கர்களுக்கென்றே பொது விருந்து வீடுகள் இருந்தன, காசு வாங்குவதில்லை. கரக்காரன் நெய் விற்க மாட்டான் என்பதையும் குறித்திருக்கிறார். வீட்டில் உண்டாகும் வெண்ணெயும் நெய்யும் வீட்டாருக்கும் விருந்தாளிக்கும்தான். ஒருவனை "நெய் விற்பவனே" என்று திட்டினால் அது பெரிய அவமானம்.

இதைப் படித்த அன்றே இந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கோட்டைச் சுவரை அளக்க யாராலும் முடியும். எது மானம், எது அவமானம் என்று ஒரு ஊர் வைத்திருக்கும் கணக்கை எழுதிக்கொள்ள அந்த ஊரில் நாள்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் இங்கே ஏறக்குறைய இருபது நாள் இருந்தார். பாதி விருந்தாளியாக, பாதி கைதியாக. ஊர்த்தலைவர் ஷைக் யூசுப் மஜாலி, தெற்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி நாளைத் தள்ளிப் போட்டார். கையில் பணம் இருப்பது தெரிந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டார். இலவசச் சோறும் இந்தப் பணம் பிடுங்கலும் ஒரே குறிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை அவர் மறைக்கவில்லை.

மதியம் மன்ஸஃப் சாப்பிட்டோம். ஆட்டிறைச்சியை ஜமீதில் வேகவைத்துச் சோற்றின் மேல் கொட்டுகிறார்கள். ஜமீத் என்பது தயிரை உப்பிட்டு, உருண்டை பிடித்து, கல்போலக் காயவைத்தது. கரக் ஜமீதுக்கு நாடு முழுக்கப் பேர். புளிப்பும் நெய்யும் சேர்ந்த அந்த வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. இன்று கடைகளில் நெய் டப்பா விற்கிறது. கடைக்காரரிடம் பழைய வசவைச் சொல்லிக் கேட்கலாமா என்று மருமகன் நினைத்தான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் – ஷோபக், வாதி மூஸா

ஷோபக்கில் அரை மணி நேரம்தான். காற்று தள்ளியது. மொட்டை மலையின் தலையில் தனிக் கோட்டை, 1115இல் கட்டியது.

மாலையில் வாதி மூஸா. ஊருக்கு மேலே அய்ன் மூஸா ஊற்று, மூஸா நபி (அலை) கோலால் அடித்த பாறை என்று இவ்வூர் மக்கள் சொல்வது. தண்ணீர் சில்லென்று இருந்தது, ஒளு செய்தேன். பர்க்ஹார்ட் காலத்தில் இந்தக் கிராமத்துக்கு எல்ஜி என்று பெயர். இங்கேதான் அவருக்கு ஒரு யோசனை வேண்டியிருந்தது. கீழே பள்ளத்தாக்கில் பெரிய இடிபாடுகள் இருப்பதாக நாட்டுப்புறத்தார் சொல்லக் கேட்டிருந்தார். அதைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் புதையல் தேட வந்தவன் என்பார்கள். ஹாரூன் நபிக்கு ஆடு அறுப்பதாக நேர்ச்சை இருக்கிறது என்றார். அந்த நபியின் கபுர் (அடக்கத்தலம்) இருக்கும் மலைக்குப் போக இடிபாடுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். நேர்ச்சையைத் தடுக்க யாருக்கும் வாய் வராது.

சின்ன வயதில் நாகூருக்கு நேர்ச்சைக் கிடா கொண்டுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் கழுத்தில் கட்டிய பூவைக்கூடப் பிள்ளைகள் தொடமாட்டோம். இப்போது எங்கள் வீட்டிலேயே அது கூடுமா கூடாதா என்று இரண்டு கட்சி. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். நேர்ச்சை என்ற சொல்லைச் சாவியாக எடுத்து ஒருவர் கதவைத் திறந்தார் என்பது எனக்கு உறுத்துகிறது. அவரை எனக்குப் பிடிக்கும். பிடிப்பதால்தான் உறுத்தல் அதிகம்.

நான்காம் நாள் – பெத்ரா

விடியுமுன் வரிசையில் நின்றோம். நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 50 தினார். சீக் என்னும் இடுக்கு வழி 1.2 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சிவந்த பாறை, மேலே நூல் மாதிரி வானம். சுவரோரமாக முழங்கை உயரத்தில் ஒரு வாய்க்கால் கூடவே வருகிறது, இந்த நகரத்தைக் குடைந்த பழைய அரபு மக்களான நபத்தியர்கள் வெட்டியது. வெள்ளம் இந்த இடுக்குக்குள் பாயாதிருக்க வாயிலிலேயே அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பிவிட்டவர்கள் அவர்கள். குடிக்கிற நீரை உள்ளே விட்டு, கொல்கிற நீரை வெளியே நிறுத்திய அந்த வேலையின் முன்னால் நான் நின்ற நேரம் அதிகம். மருமகன் பொறியாளன், அவன் என்னைவிட அதிகம் நின்றான்.

கடைசி வளைவில் இருட்டு விலகி கஸ்னா தெரிகிறது. கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம், முழுக்கப் பாறையில் செதுக்கியது. உச்சியில் இருக்கும் கல் கலசத்தில் துப்பாக்கிக் குண்டுத் தழும்புகள். உள்ளே பொற்காசு இருக்கிறது என்று நம்பிச் சுட்டிருக்கிறார்கள். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் கருவூலம் என்றே இங்குள்ளவர்கள் சொல்வார்கள். பர்க்ஹார்ட் உள்ளே பார்த்துவிட்டு, இது கல்லறையாகத்தான் இருக்கும் என்று எழுதினார். அவர் நின்ற தரைக்குக் கீழே உண்மையாகவே கல்லறைகள் இருந்தன. 2003இல் அகழ்ந்தபோது சில கிடைத்தன, 2024இல் இன்னொன்றில் 12 பேருடைய எலும்புக்கூடுகள்.

1812 ஆகஸ்ட் 22. எல்ஜியில் பிடித்த வழிகாட்டிக்குக் கூலி ஒரு ஜோடி பழைய குதிரை லாடம். ஆட்டை வழிகாட்டி தூக்கிக்கொண்டான், தண்ணீர் நிரப்பிய தோல்பையை இவர் தோளில் மாட்டினான். கஸ்னா, கல்லில் குடைந்த அரங்கம், தூண் வரிசைத் தெரு என்று கடந்து போனார்கள். நின்று பார்க்க முடியாது, அளக்க முடியாது, எழுத முடியாது. ஓரக்கண்ணால் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

கஸ்ருல் பின்த் என்ற பெரிய கட்டடத்தின் அருகே வந்ததும் அவரால் தாங்க முடியவில்லை. வழியை விட்டு விலகி உள்ளே போனார். வழிகாட்டிக்குப் பொறுமை போய்விட்டது. அவன் சொன்னதை அவரே எழுதி வைத்திருக்கிறார்: நீ காஃபிர் என்று இப்போது தெளிவாகிவிட்டது, உன் மூதாதையர் நகரத்து இடிபாட்டில் உனக்கு ஏதோ காரியம் இருக்கிறது, ஆனால் இங்கே மறைந்திருக்கும் செல்வத்தில் ஒரு காசுகூட எடுத்துப்போக விடமாட்டோம், இது எங்கள் மண்ணில் இருக்கிறது, எங்களுக்கு உரியது.

அந்தக் கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்து இந்த வரிகளை மருமகனுக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பதூல் என்ற இவ்விடத்து பதுவின் குலத்துப் பெரியவர், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். மருமகன் அரபியில் சொன்னான். அவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, "ஸஹ்" என்றார். சரி.

அந்தப் பெரியவர் பிறந்தது இங்கேயே ஒரு குகையில். 1985இல் பெத்ரா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது பதூல்களை உம் ஸைஹூன் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கான்கிரீட் வீடுகள் தெரிகின்றன. காலையில் கீழே வந்து கடை போடுகிறார், மாலையில் மேலே ஏறுகிறார்.

வழிகாட்டியின் கோபத்தை மூடநம்பிக்கை என்று எழுதியவர்களை நான் படித்திருக்கிறேன். பர்க்ஹார்ட்டும் கொஞ்சம் சலித்துக்கொள்கிறார். மந்திரம் தெரிந்தவன் புதையல் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாலே போதும், ஊருக்குப் போனபின் அதைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்வான் என்பது இவர்கள் நம்பிக்கையாம். மேலும் கோபப்படுத்தினால் சோதனை போடுவார்கள், மடியில் இருக்கும் குறிப்பேட்டை மந்திரப் புத்தகம் என்று பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து வெளியே வந்துவிட்டார்.

அது மந்திரப் புத்தகம்தான். இன்று முழுதும் இந்த ஒரு எண்ணம்தான் எனக்கு. அவர் ஒரு கல்லையும் எடுக்கவில்லை, பார்த்தார், எழுதினார். அவர் சொன்னதைக் கேட்டு 1818இலேயே ஆங்கிலேயர்கள் வந்துவிட்டார்கள். 1822இல் குறிப்புகள் லண்டனில் அச்சேறின. 1828இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து வரைந்தார்கள். அதற்குப் பிறகு நிற்கவில்லை, இன்று காலை வரிசையில் நானும்தான் நின்றேன். பார்த்துவிட்டுப் போனவன் பின்னால் வரவழைப்பான் என்று அஞ்சிய வழிகாட்டிக்கு நடக்கப்போவது சரியாகவே தெரிந்திருக்கிறது. பெத்ராவை 1812இல் பர்க்ஹார்ட் "கண்டுபிடித்தார்" என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். தினமும் ஆடு மேய்த்தவனுக்குக் காணாமலா போயிருந்தது? லாடத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் பெயர் எங்குமே இல்லை. கரக்கில் பணம் பறித்தவர் பெயர் இருக்கிறது.

ஒன்றை அவருக்காகச் சொல்ல வேண்டும். நான்தான் கண்டேன் என்று அவர் மார்தட்டவில்லை. சாக்கடலுக்கும் செங்கடலுக்கும் இடையில் இதற்கு ஈடான இடிபாடு வேறில்லை, இது பழைய பெத்ராவாக இருக்கலாம், முடிவை கிரேக்கம் கற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். தன்னைத் திட்டியவனின் வார்த்தையையும் மாற்றாமல் எழுதினார். அவர் எழுதியிருக்காவிட்டால் அந்த வாக்கியம் இன்று அந்தப் பெரியவர் காதுக்குப் போயிருக்காது.

ஐந்தாம் நாள் – ஹாரூன் மலை

பெரியவரின் பேரன் வழிகாட்டியாக வந்தான். கஸ்ருல் பின்த்திலிருந்து நடை. மலை உச்சியில் கபுரின் வெள்ளைக் குப்பா (கவிகை மாடம்) முதலிலிருந்தே கண்ணில் படுகிறது, நடக்க நடக்க அதே தூரத்தில் இருக்கிறது. முழங்கால் வலி எனக்கு உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பர்க்ஹார்ட் மேலே வரவேயில்லை. சூரியன் இறங்கிவிட்டது, களைப்பு. கபுர் தெரிகிற ஒரு சமதளத்தில், பலிகளின் அடையாளமாகக் கற்குவியல்கள் கிடந்த இடத்தில் ஆட்டை அறுத்தார். வழிகாட்டி ஓதிய துஆவை எழுதி வைத்திருக்கிறார். ஹாரூனே, எங்களைப் பாரும், உமக்காக இதை அறுக்கிறோம். எங்கள் நல்ல எண்ணத்தை ஏற்றுக்கொள்ளும், ஆடு மெலிந்ததுதான். எங்கள் பாதையை எளிதாக்கும். ரத்தத்தின் மேல் கற்களைக் குவித்தார்கள். நெருப்பைப் பார்த்துக் கொள்ளைக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்று அவசர அவசரமாக இறைச்சியைச் சுட்டார்கள்.

"ஆடு மெலிந்ததுதான்" என்ற அந்த ஒரு சொல்லில் எனக்குத் தொண்டை அடைத்தது. நேர்ச்சை பொய் என்று அவனுக்குப் பாதி தெரிந்துவிட்டது, காஃபிர் என்று சொல்லியும் விட்டான். ஆனாலும் சந்நிதிக்கு எதிரே வந்து நின்றதும் அந்த மனிதருக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறான்.

குப்பாவுக்குச் சற்றுக் கீழே ஒரு பைஸாந்தியக் கிறிஸ்தவ மடத்தின் சுவர்கள் இருக்கின்றன, ஃபின்லாந்து ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தவை. அவர்களுக்கும் இதே நபிதான். மேலே கதவு திறந்திருந்தது. பச்சைத் துணி, கல் பேழை, காற்றின் இரைச்சல். யாசீன் ஓதினேன், வாப்பா பேரைச் சொன்னேன். உறையை அந்தப் பையனிடம் கொடுத்து, உங்கள் குடியிருப்பில் இல்லாதவர் யாருக்காவது சேர்த்துவிடு என்றேன். அவன் எண்ணிப் பார்க்காமல் மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

ஏழாம் நாள் – கெய்ரோ

நேற்று முழுதும் சாலையிலும் விமானத்திலும் போனது, எழுத ஒன்றுமில்லை.

பர்க்ஹார்ட் 1812 செப்டம்பரில் இங்கே வந்தார். தெற்கு லிபியாவின் ஃபஸ்ஸானுக்குப் போகும் வணிகக் கூட்டம் கிளம்பினால் அதோடு சேர்ந்து நைஜர் நோக்கிப் போவது திட்டம். கூட்டம் கிளம்பவில்லை. காத்திருந்த காலத்தில்தான் மற்றதெல்லாம். 1813 மார்ச்சில் நைல் ஓரமாக நூபியாவுக்குப் போய், அபூ சிம்பெலில் மணலில் மூழ்கிக் கிடந்த மாபெரும் சிலைகளைப் பார்த்தார். 1814இல் செங்கடலைக் கடந்து ஜித்தா. தாயிஃபில் அவர் முஸ்லிம்தானா என்று எகிப்தை ஆண்ட முஹம்மது அலி பாஷாவுக்கே சந்தேகம் வந்தது. ரமழான் மாதம். காழியோடு (மார்க்க நீதிபதி) நோன்பு திறந்து, பக்கத்தில் நின்று தொழுது, நினைவில் இருந்ததில் நீளமான சூராவாக ஓதினேன் என்று எழுதுகிறார். அந்த நவம்பரில் ஹஜ். அரஃபாவில் 70,000 பேர் இருந்திருப்பார்கள், ஏறக்குறைய 40 மொழிகள் காதில் விழுந்தன என்பது அவர் கணக்கு. மதீனாவில் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார். கெய்ரோ திரும்பிய உடம்பு பழைய உடம்பு இல்லை.

1817 அக்டோபர் 15ஆம் தேதி வயிற்றுக் கடுப்பில் இறந்தார். வயது 32. நைஜரைப் பார்க்கவே இல்லை.

பாபுன் நஸ்ர் வாயிலை 1087இல் கட்டினார்கள். அதற்கு வெளியே இருக்கிறது கபுருஸ்தான். மர வீடுகளும் கபுர்களும் கலந்து கிடக்கின்றன, துணி காய்கிறது, பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். இப்னு கல்தூனும் இந்தப் பக்கம்தான் எங்கோ அடங்கியிருக்கிறார், இடம் தெரியாமல் போய்விட்டது. பர்க்ஹார்ட்டின் இடம் தெரிகிறது. காவலாளி கூட்டிப்போனார். கல்லில் ஷைக் ஹாஜ் இப்ராஹீம் என்று எழுத்து.

ஊரிலிருந்தே என்னைத் துளைத்துக்கொண்டிருந்த கேள்வி, இங்கே ஃபாத்திஹா ஓதலாமா என்பது. மனதார கலிமா சொன்னவரா, வேஷம் போட்டவரா? எட்டு ஆண்டு அதே உடை, அதே தொழுகை, அதே பெயர். எத்தனையாவது ஆண்டில் வேஷம் உடம்போடு ஒட்டியிருக்கும் என்று அவர் எழுதிய எதிலும் இல்லை. சாகும் நாளில் ஆங்கிலேயத் தூதர் ஹென்றி சால்ட்டை வரவழைத்து அவர் சொன்னவை பதிவாகியிருக்கின்றன. தன் கையெழுத்துப் பிரதிகள் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டும் என்றார். என் உம்மாவுக்குத் தெரிவியுங்கள், கடைசி நினைவு அவளைப் பற்றித்தான் என்று சொல்லுங்கள் என்றார். அடக்கத்தைப் பற்றி: என் உடலைத் துருக்கியர்கள் எடுத்துக்கொள்வார்கள், எனக்குத் தெரியும், அப்படியே விட்டுவிடுவது நல்லது. துருக்கியர் என்றால் அன்றைய வழக்கில் முஸ்லிம்கள்.

காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே கையேந்தி ஓத ஆரம்பித்தார். ஹாரூன் மலையடிவாரத்தில் லாடக் கூலிக்கு வந்தவன் ஏந்திய கை நினைவுக்கு வந்தது. நானும் சேர்ந்து ஓதினேன்.

வெளியே வந்து உம்மாவுக்குப் போன் போட்டேன். உறையைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன், இவர் கதையையும் சொன்னேன். ஹஜ், காழி, நேர்ச்சை ஆடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். முஸ்லிமா இல்லையா என்று அவள் கேட்கவேயில்லை.

"அந்தப் புள்ளையோட உம்மாவுக்குச் சேதி எத்தனை நாள்ல போய்ச் சேர்ந்துச்சாம்?" என்றாள்.